சாங்கி வில்லேஜ்: கடைசி நிறுத்தத்து ஊர்



சிங்கப்பூரின் தோ பாயோவில் கடல் கிடையாது. சதுப்பும் கம்போங் கிராமங்களுமாக இருந்த இடத்தில் 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பத் தொடங்கிய நகரம் அது. அங்கே குடியிருக்கும் எங்களுக்குக் கடல்காற்று வேண்டுமென்றால் சாங்கி வில்லேஜ்தான். எம்ஆர்டி ரயில் அங்கே போவதில்லை. 2ஆம் எண் பேருந்து, ரொம்ப நேரம் ஓடி, கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடும்.

சில கழகக் கட்டடங்கள், ஓர் உணவங்காடி நிலையம், ஒரு படகுத்துறை. ஊர் அவ்வளவுதான். நாசி லெமாக் கடையில் எப்போதும் வரிசை நிற்கும். புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுக்கு நேர அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். பத்துப் பேர் இருந்தால் இன்னும் இருவருக்காகக் காத்திருப்போம். முன்பின் தெரியாதவர்கள் அங்கே பேசிப் பழகிவிடுகிறார்கள். அவசரத்துக்குப் பேர்போன இந்த நகரத்தில் அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கடலோர மேட்டில் இருக்கும் பழைய பங்களாக்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள் குடியிருந்தவை. அவற்றில் சில பின்னாளில் விடுமுறை விடுதிகளாயின. 1920களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே பீரங்கித் தளம் அமைக்கத் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகளைக் கொண்டு விமான ஓடுபாதை போட்டார்கள். போருக்குப் பின் அதுவே பிரிட்டிஷ் விமானப்படைத் தளமானது. அந்தப் படையாட்களை நம்பித்தான் இங்கே கடைத்தெரு செழித்தது. 1971இல் படை வெளியேறியபோது வியாபாரம் படுத்தது. அதன்பிறகு ஊர் பிழைத்தது நம்மைப் போன்ற விடுமுறைக்காரர்களால்தான்.

கடற்கரைப் பூங்காவில் ஒரு நினைவுப் பலகை உண்டு. 1942 பிப்ரவரி 20 அன்று சீன ஆடவர் 66 பேரை ஜப்பானியப் படை நீரோரத்தில் சுட்டுக் கொன்றது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதன் முன் கொஞ்ச நேரம் நின்று, அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, ஸ்ரீ ராமர் ஆலயம். தளத்தை ஒட்டி வாழ்ந்த இந்தியர்கள் வழிபட, 1946இல் ராம் நாயுடு என்பவர் தொடங்கியது. இராமரை மூலவராகக் கொண்ட ஆலயம் சிங்கப்பூரில் அபூர்வம். புத்தரும் குவான் யின்னும் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். சீனப் பக்தர்கள் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அனுமனையும் கும்பிடுகிறார்கள். எங்கள் தோ பாயோவின் வைராவிமட காளியம்மன் ஆலயம் வேறிடத்திலிருந்து பெயர்ந்து வந்தது. நகரம் வளர வளரக் கோயில்கள் இடம் மாறிய இந்த நாட்டில், இராமர் சாங்கியை விட்டுப் போகவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

கடல் பக்கத்தில் இருப்பதால் நம்மவர்கள் நீத்தார் கடனுக்கும் சாங்கிக்குத்தான் வருகிறார்கள். ஒரு படகில் சைக்கிளோடு இளைஞர்கள் உபினுக்கு ஏறுவார்கள். அடுத்த படகில் ஒரு குடும்பம் அஸ்தியோடு ஏறும். சைக்கிள்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வழிவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொண்டாட்டத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே துறை என்பதுதான், என் கண்ணில், இந்த ஊரின் குணம். உல்லாசத்துக்கு மட்டுமே கட்டிய கடற்கரைகளில் இது வாய்க்காது.

ஒரு கவலையும் இருக்கிறது. தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும், அதிகாரிகள் வீட்டில் சமைத்தவர்களும், இப்போது முதுமையின் கடைசிப் படியில் இருக்கிறார்கள். கட்டடங்களைப் பற்றி ஆவணங்கள் உண்டு; அவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள், சம்பள நாளில் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரக் கடைசியில் சாங்கிக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் பேசட்டும். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.