தேவர்களின் தாய்வீடு
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஸ்கந்திநேவியப் பழங்கதைகளில் வரும் அரக்கியரைப் பற்றி. இக்கதைகளில் பலவற்றை ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னொரி ஸ்டர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அவற்றில் தேவர்களுக்கும் அரக்கர்களுக்கும் தீராப் பகை. ஆனால் தாய்மாரின் பெயர்களைத் தொடர்ந்து போனால், அது ஒரே குடும்பத்துச் சண்டை என்பது விளங்கும்.

தேவர் தலைவன் ஓடினின் தாய் பெஸ்ட்லா ஓர் அரக்கனின் மகள். அரக்கரைக் கொல்வதிலேயே பேரெடுத்த இடிதேவன் தோரின் தாய் யோர்டும் தாய்வழியில் அரக்கர் குலத்தவள். தோரின் மகன் மக்னியைப் பெற்றவள் யார்ன்சாக்சா என்னும் அரக்கி. இப்படிப் பெண் எடுத்தவர்களுக்குப் பெண் கொடுக்க மனம் வரவில்லை. திரிம் என்ற அரக்கன் தோரின் சம்மட்டியை ஒளித்துவைத்து, தேவி பிரெய்யாவை மனைவியாகக் கேட்டான். தோரே மணப்பெண் வேடத்தில் சென்று அவனைக் கொன்றான்.

ஆபத்தில் உதவியவர்களும் அரக்கியரே. ஆயுதமின்றிப் பகைவன் வீட்டுக்குப் புறப்பட்ட தோருக்கு, கிரிட் என்ற அரக்கி எச்சரிக்கை சொல்லி, இடைவாரும் இரும்புக் கையுறையும் கோலும் கொடுத்தனுப்பினாள். அவளும் ஓடினுக்கு ஒரு மகனைப் பெற்றவள்; பெயர் விடார். இறுதிப் போரில் ஓடினை விழுங்கும் ஓநாய், அங்கர்போடா என்ற அரக்கியின் பிள்ளை. அதைக் கொன்று பழிதீர்ப்பவன் இந்த விடார்.

ஸ்காடியின் கதை வேறு. தந்தையைத் தேவர்கள் கொன்றதும், கவசம் பூண்டு தனியே நியாயம் கேட்கப் போனாள். ஈடாக ஒரு கணவனைத் தெரிவுசெய்யலாம், ஆனால் பாதங்களை மட்டுமே பார்க்கலாம் என்றார்கள். அழகன் பால்டர் என்று எண்ணி அவள் தெரிந்தது கடல்தேவன் நியோர்டை. அவளுக்குக் கடற்பறவைகளின் கூச்சலில் தூக்கமில்லை; அவனுக்கு மலை ஓநாய்களின் ஊளையில் தூக்கமில்லை. அவள் தந்தையின் மலைவீட்டுக்கே திரும்பி, பனியில் சறுக்கி வேட்டையாடி வாழ்ந்தாள். புகுந்த வீடு பொருந்தாதபோது, அவளுக்குப் போக ஒரு வீடு இருந்தது.

தந்தையர் பெயரை மட்டும் எழுதினால் இவர்கள் பகைவர். தாயர் பெயரையும் எழுதினால் உறவினர். சகோதரிகளே, நாமும் ஒருநாள் தாளெடுத்து அம்மா, அம்மம்மா, அம்மம்மாவின் அம்மா என்று எழுதிப் பார்ப்போம். எந்தப் பெயரில் பேனா நின்றுவிடுகிறதோ, அதற்கு அடுத்த பெயரை வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேட்டு வைப்போம்.