விண்ணலைகளும் நமது முதலீடும்

(கல்லூரி மாணவர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று, அரசின் வரவு செலவுக் கணக்குகளோடு காலம் கழித்துவரும் நான் விண்வெளியில் எழும் அலைகளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அவ்வலைகள் பொதுச் சொத்தைத் தொடுகின்றன. எனக்குள்ள உரிமை அவ்வளவே.

பூமியின் காந்தப் புலம், சூரியனிலிருந்து இடையறாது வீசும் மின்துகள் காற்றைத் தடுத்துத் தனக்கென ஒரு மண்டலத்தை வகுத்துக்கொண்டுள்ளது. அதனுள் இருப்பது வெற்றிடமன்று. மிக மெல்லிய பிளாஸ்மா. முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்கும் பணியிலிருந்த ஜெர்மானிய விஞ்ஞானி பார்க்கௌசன், உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தாழும் சீழ்க்கை ஒலியைக் கேட்டார். 1919இல் அதனை வெளியிட்டார். மின்னல் எழுப்பும் வானொலி அலைகள் காந்தக் கோடுகளின் வழியே மறு அரைக்கோளம் வரை பயணம் செய்வதே காரணம் என்று 1953இல் ஸ்டோரி விளக்கினார். நம் நாட்டிலும் குல்மார்க், நைனிடால், வாரணாசி ஆகிய இடங்களில் இவை பதிவாகியுள்ளன.

இதே இனத்தைச் சேர்ந்த அலைகள் பிளாஸ்மாவிலேயே தோன்றுவதும் உண்டு. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரானின் சுழற்சியும் அலையின் அதிர்வும் ஒத்துப்போகும்போது, ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல், அலை தன் ஆற்றலை எலக்ட்ரானுக்குக் கொடுக்கிறது. வேறு சில எலக்ட்ரான்களை அதே அலை வளிமண்டலத்தில் தள்ளி அழிக்கவும் செய்கிறது. 1958இல் வான் ஆலன் கண்டறிந்த கதிர்வீச்சு வளையங்களில் இவ்விரண்டும் ஓயாது நிகழ்கின்றன.

வெளி வளையத்திலுள்ள அதிவேக எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன என்பது நெடுநாள் வழக்கு. எங்கள் துறை மொழியில் சொன்னால், இறக்குமதியா, உள்நாட்டு உற்பத்தியா? 2012 ஆகஸ்டில் அமெரிக்கா அனுப்பிய இரட்டைக் கலங்கள், அவ்வாண்டு அக்டோபர்ப் புயலின்போது வளையத்தின் நடுப்பகுதியிலேயே எலக்ட்ரான்கள் பெருகக் கண்டன. அப்புயலில் தீர்ப்பு உள்நாட்டு உற்பத்திக்கே சாதகமாயிற்று. உற்பத்தி செய்தவை அலைகள்.

இதில் பணம் எங்கே வருகிறது என்கிறீர்களா? தகவல் தொடர்புக்கும் வானிலைக்கும் நாம் நிறுத்தியுள்ள செயற்கைக்கோள்கள் பல, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், அந்த வெளி வளையத்தினூடேதான் சுற்றுகின்றன. அதிவேக எலக்ட்ரான்கள் கோளின் கவசத்தைத் துளைத்து, உள்ளே மின்காப்புப் பொருள்களில் தேங்கி, ஒரு கட்டத்தில் பொறியாக வெடிக்கின்றன. 1994 ஜனவரியில் கனடாவின் ஆனிக் வரிசைக் கோள்கள் இரண்டு இவ்வாறே நிலைகுலைந்தன. ஒன்றை மீட்கப் பல மாதங்கள் ஆயின. பழுது பார்க்க ஆள் அனுப்ப இயலாத உயரம் அது.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட நமது ஆதித்யா கலம், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியக் காற்றை அளந்துவருகிறது. பெருமைக்குரிய பணி. எனினும் வருகின்ற காற்றை அறிவது பாதிக் கணக்குத்தான். முன்னர் ஆராயப்பட்ட புயல்களில் ஏறத்தாழப் பாதியில்தான் எலக்ட்ரான்கள் பெருகின; எஞ்சியவற்றில் குறைந்தன, அல்லது மாறவில்லை. உள்ளே அலைகள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு நீண்டகால அளவீடுகள் வேண்டும். ஆனால், சிக்கனம் என்றதும் முதலில் வெட்டுக்குள்ளாவது இத்தகைய தொடர் அளவீடுகளே. ஏவுகலத்துக்குத் திறப்பு விழா உண்டு; தரையிலுள்ள காந்தமானிக்கு அது கிடையாது.

பம்பாயின் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தம் அளக்கப்பட்டு வந்தது. 1859 செப்டம்பர் பெரும்புயலில் கிடைமட்டப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததை அங்கிருந்தோர் குறித்து வைத்தனர். அக்குறிப்பு 2003இல் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. நகரில் மின்சார டிராம் வரவிருந்தபோது, அளவீடு கெடாதிருக்க 1904இல் அலிபாகில் புதிய நிலையம் அமைத்தார்கள்; 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒருசேர அளந்து, தொடர்ச்சியை உறுதிசெய்துகொண்ட பின்னரே கொலாபாவை நிறுத்தினார்கள். அந்த இரட்டைச் செலவுக்கு அன்றைய கணக்கேட்டில் எந்த வருவாயையும் எதிரே எழுதியிருக்க முடியாது. இன்று அதுபோன்றதொரு கோப்பு என் மேசைக்கு வந்தால், வருவாய்ப் பத்தி வெறுமையாக இருப்பதைக் காட்டி அதைத் திருப்பி அனுப்பமாட்டேன்.