தள்ளுவண்டியில் ஏறிய காமிரா
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இஞ்சினியருக்கு சினிமாவில் என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம், ஒரு தள்ளுவண்டி. இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவானி பாஸ்ட்ரோனே, காமிராவைச் சக்கர மேடையில் ஏற்றி, 1912இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1914இல் வெளிவந்த அவருடைய 'கபீரியா' என்ற மௌனப் படத்தில் அந்த வண்டி குறுக்குச் சாய்வாக, மெல்ல நகர்கிறது. அவ்வளவுதான்! நாடகப் படுதா மாதிரி தட்டையாகக் கிடந்த செட்டுக்கு ஆழம் வந்துவிடுகிறது. தூண்கள் விலக, பின்னாலுள்ள மண்டபம் தெரிகிறது. அமெரிக்காக்காரர்கள் இந்த நகர்வுக்கே 'கபீரியா அசைவு' என்று பேர் வைத்தார்கள். கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) பிரம்மாண்டத்திலும் இதன் சாயல் உண்டு.

ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வந்தது கவிஞர் தனுன்சியோவின் பெயர். அவர் எழுதியது டைட்டில் கார்டு வாசகங்கள். பாத்திரங்களுக்குப் பெயரும் சூட்டினார். பாஸ்ட்ரோனேயோ 'பியெரோ ஃபோஸ்கோ' என்ற புனைபெயருக்குள் ஒதுங்கிக்கொண்டார். வியாபாரத் தந்திரம்தான், அவரே விரும்பிச் செய்தது. இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. டிராயிங் போட்டவன் பெயர் கல்வெட்டில் வருவதில்லைங்கறது நமக்குத் தெரியாததா?

பலசாலி மாசிஸ்தேயாக நடித்த பகானோ, ஜெனோவா துறைமுகத் தொழிலாளி. அவர் நட்சத்திரமானார். பாஸ்ட்ரோனே 1920களில் சினிமாவையே விட்டுவிட்டு மருத்துவ ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

படத்தில் குழந்தைகளைப் பலி வாங்கும் மோலோக் சிலை, தூரின் சினிமா மியூசியத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துட்டு வாங்க.