பதினாலாம் நாள் கணக்கு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் விலங்கியல் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"பழைய நினைவுகளைப் பற்றிப் பேசும்மா" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் சுற்றுலாவைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்களே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் கூச்சமான விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

மரக்காணம் உப்பளத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இங்கே விலங்கியல் படித்தவள் நான். கிராஃபியன் ஃபாலிக்கிள் படம் போட்டுப் பாகம் குறி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "என்ன பொண்ணு, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்பார்கள். படித்தவள் ஆயிற்றே, நாள் கணக்குப் பார்த்தேன். புத்தகத்தில் 14-ஆம் நாள் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறவர். அந்த நாளுக்குச் சரியாக வீட்டுக்கு வருவார். மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு மாதவிலக்கு வருவது 35 நாளுக்கு ஒரு முறை. தப்பு அங்கேதான் இருந்தது.

புத்தகம் சொன்ன 14, 28 நாள் சுற்றுக்கு மட்டும் பொருந்தும். முட்டை வெளிவரும் நாளை அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதற்குச் சுமார் 14 நாள் முன்னால்தான் முட்டை வெளிவருகிறது. 35 நாள் சுற்று என்றால் ஏறக்குறைய 21-ஆம் நாள். வெளிவந்த முட்டை அதிகமாகப் போனால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை தாங்கும். ஆகவே கரு தரிக்க வாய்ப்புள்ளது முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களும் மட்டுமே. நாங்கள் 14-ஆம் நாளைக் காத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வேண்டிய நாட்களில் அவர் லாரியில் இருந்தார்.

எங்கள் ஊரில் தேதி பார்த்து யாரும் உப்பு வாருவதில்லை. வெயிலையும் காற்றையும் பார்த்து, பாத்தித் தண்ணீரைப் பார்த்துத்தான் பலகையை எடுப்பார்கள். அந்த வீட்டில் பிறந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

பிறகு புதுச்சேரிக்கு ஸ்கேன் பார்க்கப் போனோம். முதலில் போன ஓரிடத்தில், "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அனுமந்தை வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் படத்தைத் திருப்பிக் காட்டினார். "இது கட்டி இல்லம்மா. முட்டை இருக்கிற சின்னப் பை. நீ படிச்ச ஃபாலிக்கிள்தான்!" என்றார்.

மாணவிகளே, இதை மனதில் வையுங்கள். பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் ஃபாலிக்கிள்கள் சினைப்பைகளில் இருக்கின்றன. ஆயுள் முழுவதும் வெடித்து முட்டை விடுவது சுமார் 400 மட்டும். ஒவ்வொரு மாதமும் பல வளரத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றுதான் முந்தும். பிசிஓஎஸ் என்ற நிலையில் சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள் நிறைய இருந்தும், முட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. ஊர்ப் பேச்சில் நீர்க்கட்டி என்பது பெரும்பாலும் இதைத்தான். நிஜமான கட்டியும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இதற்கு மாத்திரை உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக்காரி சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் எடுத்தார்கள். 18-ஆம் நாள் 14 மில்லிமீட்டர். 20-ஆம் நாள் 18. 22-ஆம் நாள் அந்தப் பையைக் காணோம், வெடித்துவிட்டது! பரீட்சைக்கு வரைந்த படம் எனக்குள்ளேயே நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இந்தப் பைகளைப் பற்றிப் பேசும்போது கொல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை மறக்கக் கூடாது. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை, இயற்கையாக வளர்ந்த ஒரே முட்டையில் உருவானவள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி நம் நாட்டில் துர்கா பிறந்தாள். ஹார்மோன் ஊசி போட்டுப் பல ஃபாலிக்கிள்களை வளர்த்து முட்டை எடுத்தவர் சுபாஷ். இன்று உலகம் முழுவதும் நடப்பது அந்த வழிதான். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்த டாக்டர் ஆனந்த் குமார் 1997-ல் எடுத்துச் சொன்ன பிறகே பெருமை அவரைச் சேர்ந்தது. நம் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் கைவண்ணத்தில் அப்படியொரு குழந்தை 1990-ல் பிறந்தது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. மனைவியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்காதீர்கள். என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு என்னோடு உள்ளே வந்தார். பாதி பாரம் அன்றே இறங்கியது.

ஒரு வருஷம் முயன்றும் தரிக்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். சுற்று ஒழுங்கில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

எங்களுக்கு அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். எங்கள் தெருவிலேயே எனக்கு அக்காள் முறை ஒருத்தி இருக்கிறாள். நாள், ஸ்கேன், மருந்து எல்லாம் சரியாகப் பார்த்தும் அவளுக்குப் பிறக்கவில்லை. கணக்குத் தெரிந்தால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அவளிடம் போய் "விசேஷம் உண்டா?" என்று மட்டும் இனி யாரும் கேட்காதீர்கள்.