சிகரெட்டை நிறுத்தும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை

(நமது கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில், மனநல மருத்துவரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் நாலு பேரிடம் சொல்லி நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர் புகையும் பிடிக்கிறார் என்றால் தாழ்ப்பாளையும் போட்டுவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞனுக்கு மனச்சிதைவு நோய். க்ளோசபின் மாத்திரையில் தெளிவாக இருந்தான். ஆனால் தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட். காசு இல்லையென்றால் ஆத்திரம். ஒருநாள் தங்கையின் கைக்கடிகாரத்தை விற்றுச் சிகரெட் வாங்கிவிட்டான். அப்பா காசை நிறுத்தி, வெளியே போகவும் விடவில்லை. பத்தே நாளில் பிள்ளை வாயில் எச்சில் ஒழுக, எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தான்.

"கெட்ட பழக்கத்தை நிறுத்தினது தப்பா டாக்டர்?" என்று அப்பா கண்கலங்கினார்.

நிறுத்தியது தப்பில்லை. விஷயம் இதுதான். சிகரெட், பீடிப் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, க்ளோசபின், ஓலன்சபின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. அதனால் புகைப்பவருக்கு மருந்தின் அளவு கூடுதலாகத் தேவைப்படும். திடீரென்று புகையை நிறுத்தினால் அதே அளவு அதிகமாகி ரத்தத்தில் சேரும், வலிப்புகூட வரலாம். மறுபடி புகைத்தால் மருந்து குறைந்து நோய் தலைதூக்கலாம். இதை முன்னதாகவே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. முதல் தப்பு என்னுடையதுதான்.

கடிகாரத்தை விற்றது திமிரா? நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டி ஒரு சுகத்தைத் தருகிறது. 'இப்போதே வேண்டும்' என்ற உந்துதலை அடக்கும் சக்தி சில மனநோய்களில் குறைந்துவிடுகிறது. நிகோடின் இறங்கும்போது எரிச்சல் வரும். அடுத்த சிகரெட்டில் அது அடங்கும். நாமோ சிகரெட்தான் நோயைத் தணிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

"பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான்" என்று தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருஷம் முன்னதாகவே இறக்கிறார்கள். இதய நோயும் நுரையீரல் நோயும் இதற்கு முக்கியக் காரணங்கள். இரண்டின் பின்னாலும் புகை இருக்கிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கட்டுரை, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததையே காட்டியது. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான். எட்டாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 2016-ஆம் வருஷத்து ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் நோய் கட்டுக்குள் இருந்த மனநோயாளிகள். புகையை நிறுத்த உதவும் மருந்துகளால் மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அது கண்டது. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது நான்கு.

ஒன்று: தினமும் எத்தனை சிகரெட் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டு: நிறுத்தும் நாளை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். நிகோடின் சூயிங்கம்மால் மேலே சொன்ன மருந்துகளின் அளவு மாறாது, புகையால்தான் மாறும்.

மூன்று: உந்துதல் வரும்போது வாதாடாதீர்கள். பத்து நிமிஷம் தள்ளிப்போட உதவுங்கள். ஒரு டம்ளர் மோர், தெருமுனை வரை ஒரு நடை. பெரும்பாலும் அலை தணிந்துவிடும்.

நான்கு: சிகரெட்டைப் பரிசாகவும் கொடுக்காதீர்கள், தண்டனையாகப் பிடுங்கவும் செய்யாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்று தயங்குபவர்கள் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். புகையிலையை விட 1800-11-2356. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு மருந்தின் அளவைக் குறைத்தோம்; தெளிந்தான். பிறகு இரண்டு முறை சிகரெட்டை விட்டு, இரண்டு முறையும் தோற்றான். மூன்றாம் முறை விடுவதற்கு முன், அவனே என்னைப் போனில் கூப்பிட்டு, "டாக்டர், திங்கட்கிழமையிலிருந்து நிறுத்தப் போறேன், மாத்திரையை என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் யாராவது கேட்கும்படி செய்யுங்கள்.