கேள்வி கேட்கும் துணிவு
(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



விண்வெளிக்கு மனிதர் போகத்தான் வேண்டுமா என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள்.

கல்பனா சாவ்லாவும் ஒரு பழைய மாணவிதான். ஹரியானாவின் கர்னால் நகரில் படித்தவர். நாசாவில் சேர்ந்த பின்னும் தம் பாடசாலையை மறவாமல், அதன் பிள்ளைகள் அங்கு வந்து பார்க்க வழிசெய்தவர். 2003 பெப்ரவரி 1ஆந் திகதி, தரையிறங்கப் பதினாறு நிமிடங்கள் இருக்கையில், கொலம்பியா விண்ணோடம் சிதறியது. அவரும் மற்ற அறுவரும் மாண்டனர்.

புறப்பட்டு ஒன்றரை நிமிடம் ஆகுமுன்னே எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத் துண்டொன்று இடது சிறகில் மோதியிருந்தது. திரும்பி வருகையில் அந்த உடைவினூடே கடும் வெப்பம் உட்புகுந்தது. மோதியதை மறுநாளே படங்களில் கண்டார்கள். சிறகைப் படம்பிடித்துப் பார்க்கவேண்டும் என்று பொறியியலாளர்கள் கேட்டார்கள். மேலிடம் இசையவில்லை. 1986 ஜனவரியில் சலஞ்சர் புறப்படுமுன்னும், குளிரில் இறப்பர் வளையங்கள் சரியாக இயங்கா என்று பொறியியலாளர்கள் எச்சரித்தார்கள். அதுவும் எடுபடவில்லை. விண்ணோடங்களின் 135 பயணங்களில் இரண்டு அழிந்தன. பதினான்கு உயிர்கள் போயின.

பொருள் பழுதானது பாதிக் காரணம். கேட்ட கேள்விக்குச் செவி கொடாதது மறுபாதி.

பாடம் வீண்போகவில்லை. 2024இல் சுனிதா வில்லியம்ஸ் சென்ற ஸ்டார்லைனர் கலத்தில் ஐயம் எழுந்தபோது, அதை வெறுமையாகவே திருப்பி அழைத்தார்கள். அது பத்திரமாக இறங்கியது. ஆயினும் அந்த முடிவு பிழையென்று சொல்லமுடியாது. எட்டு நாட் பயணம் ஒன்பது மாதமாக நீண்டது, உயிர் மிஞ்சியது. இந்தியாவின் ககன்யான் திட்டத்தில், ஆபத்து வேளையில் வீரர்களைக் காக்கும் பொறியை 2023 ஒக்டோபர் 21ஆந் திகதி சோதித்தார்கள். புறப்பட ஐந்து செக்கன் இருக்கையில் கணினியே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டு திருத்தி, அன்று காலையே ஏவினார்கள். அத்திட்டத்துக்கான எஞ்சின்கள் தமிழ்நாட்டு மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப எரித்துப் பார்க்கப்படுகின்றன. தெரிவான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர்.

ஆபத்து எமக்குப் புதிதல்ல. 2000ஆம் ஆண்டில் சாவகச்சேரி இடிபாடானதையும் தென்மராட்சி இடம்பெயர்ந்ததையும் அறிவோம். அது எவரும் எம்மைக் கேளாமல் எம்மேல் விழுந்தது. விண்வெளி வீரர் ஏற்பது தாமே தெரிந்தெடுத்த ஆபத்து. அத்தெரிவு நேர்மையானதாக இருக்க, உண்மை முழுவதும் அவர்களுக்குச் சொல்லப்படவேண்டும். அப்படியானால், போகட்டும் என்பதே எம் விடை. 1993இல் பார்வை மங்கிய ஹபிள் தொலைநோக்கியை விண்ணிலே திருத்தியவை மனிதக் கைகள்தாம்.

"பொம்பிளைப் பிள்ளை, வாய் காட்டாதே" என்று சொல்லி வளர்க்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு. ரொரன்ரோவில் இருந்தாலும் கொடிகாமத்தில் இருந்தாலும், சகோதரிகளே, அதை விட்டுவிடுவோம். "இது சரிதானா, ஒருக்கால் பார்ப்போம்" என்று கேட்கும் பிள்ளையை இருத்திப் பதில் சொல்வோம். நாளை ஏழு உயிர்கள் அவள் குரலில் தங்கியிருக்கக்கூடும்.