ஓட்டிசக் குழந்தையும் களியாட்டப் பூங்காவும்



களியாட்டப் பூங்கா குழந்தைகளின் மகிழ்ச்சிக்கென்றே அமைந்த இடம். சுழலும் இராட்டினம், முழங்கும் வாத்தியம், மின்னும் விளக்கு, திரளும் மக்கள் என்னும் இவையே அதன் கவர்ச்சி. ஆயினும், ஓட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இவையே பெருந்துன்பமாகிவிடுகின்றன. பிறருக்கு இனிக்கும் வாத்திய ஓசை அக்குழந்தையின் செவியில் இடியென விழலாம். வரிசையில் நிற்பவர் தோள் உராய்வதும் பொறுக்கவொண்ணாததாகலாம். நேர்வதை எடுத்துரைக்கச் சொல் வராதபோது, குழந்தை செவிகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து அலறுகின்றது.

அதனைக் காண்போர், "பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்கள்" என்று பெற்றோரைப் பழிப்பர். அப்பழிக்கு அஞ்சியே பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லாத பெற்றோரும் உளர். ஆனால், அந்த அலறல் குறும்புமன்று, பிடிவாதமுமன்று. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்களுட் சிலர் உரத்த ஓசைக்கு நடுங்கியமையும், பழகிய ஒழுங்கு மாறாதிருக்க விரும்பியமையும் கூறப்பட்டுள்ளன.

இதனை உணர்ந்து நடந்த பூங்கா ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்து லாங்ஹோர்ன் நகரில் 1980இல் திறக்கப்பட்ட செசமி பிளேஸ் என்பதே அது. ஓட்டிசம் உள்ளோரை வரவேற்கத் தகுதி பெற்ற நிலையம் என்ற சான்றிதழை, களியாட்டப் பூங்காக்களுள் முதலாவதாக அது 2018இல் பெற்றது. ஊழியர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அமைதி அறைகள் அமைந்தன. ஓசையைத் தணிக்கும் செவிக்கவசங்களும் கிடைக்கலாயின.

இவற்றினும் பயனுள்ளது ஒரு வழிகாட்டிக் குறிப்பு. ஒவ்வோர் ஆட்டமும் தொடுதல், சுவை, ஓசை, மணம், காட்சி என்னும் ஐந்து புலன்களையும் எவ்வளவு தாக்கும் என்பதை, 1 முதல் 10 வரையான எண்களால் அது காட்டுகின்றது. ஓட்டிசக் குழந்தைகள் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். ஓசைக்கு அஞ்சும் பிள்ளை வேகச் சுழற்சியை விரும்பலாம். ஒளியை விரும்பும் பிள்ளை ஈரம் படுவதை வெறுக்கலாம். ஆதலால், எதற்குச் செல்லலாம், எதனை விடலாம் என்பதைப் பிள்ளையை அறிந்த பெற்றோரே முன்கூட்டித் தீர்மானிக்கின்றனர்.

எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும் பாடம் இதுவே. அங்கு நிகழப்போவதைப் படங்களால் வரிசையாகக் காட்டிப் பிள்ளையை ஆயத்தப்படுத்தலாம். கூட்டம் சேருமுன் காலையிலேயே செல்லலாம். ஒதுங்கி இளைப்பாறும் இடத்தை முதலிலேயே பார்த்து வைக்கலாம். போதும் என்ற குறிப்பைப் பிள்ளை காட்டியதும், கொடுத்த பணத்தை எண்ணாமல் திரும்பிவிடலாம். ஒரேயொரு இராட்டினத்தில் ஏறி மகிழ்ந்து அரை மணி நேரத்தில் வீடு திரும்பினாலும், அது குறைவற்ற உல்லாசப் பயணமே.

எஞ்சியது அயலில் நிற்போர் கடமை. அலறும் பிள்ளையை உற்று நோக்காது சற்றே விலகி வழிவிடுதல் பெரிய செயலன்று. எனினும், அந்தத் தாய் மறுமுறையும் தன் பிள்ளையைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வருவதற்கு அதுவே துணிவைத் தரும்.